களைத்துப்போன மெயின்டெய்னர் சுமையை எங்கே இறக்கிவைப்பது?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு சிறிய பைத்தான் நூலகத்தைத் தனியாகப் பராமரிக்கிறேன். டெபியன் லினக்ஸில் மூன்று பேக்கேஜ்களும் என் பெயரில் இருக்கின்றன. எல்லாம் ஆபீஸ் முடிந்து இரவில்தான். சில மாதங்களாக, நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் நோட்டிஃபிகேஷன் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. ஒரு மாதம் விடுப்பு எடுத்துப் பார்த்தேன்; திரும்பிய மூன்றாம் நாளே பழைய நிலை. அடியோடு விட்டுவிடுவதா, மீள வழி இருக்கிறதா?

பதில்:

ஒரு மாத விடுப்பு பலிக்காததற்குக் காரணம் எளிது. விடுப்பில் போனது நீங்கள் மட்டும், ப்ராஜெக்ட் போகவில்லை. இஷ்யூக்கள் (பயனர்கள் எழுதும் பிழைப் புகார்கள்) குவிந்தபடி இருந்தன, ரிலீஸ் செய்யும் சாவி உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தது, திரும்பிய அன்று முப்பது நாள் பாக்கி வாசலில் உட்கார்ந்திருந்தது. முன்பு சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டுவைத்தது எதற்கு? தலைச்சுமையோடு வருகிறவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் மூட்டையை இறக்கிவைக்கவும், மூச்சு வாங்கியபின் தானே ஏற்றிக்கொள்ளவும்தான். கல் இல்லாத சாலையில் சுமையோடு நின்றபடிதான் இளைப்பாற முடியும். நீங்கள் அந்த மாதம் செய்தது அதைத்தான்.

மீளலாம். விட்டுவிடுவதும் தவறில்லை. ஆனால் இரண்டில் எது என்பதை இந்த நிலையில் முடிவு செய்யாதீர்கள். முதலில் ப்ராஜெக்ட் உங்களை எதிர்பார்க்காமல் நிற்கும்படி செய்யுங்கள், பிறகு ஓய்வு, பிறகு முடிவு. வரிசை மாறினால் விடுப்பு வீணாகும். சில சமயம் அதைவிடப் பெரிய ஆபத்தும் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.

இது பர்ன்அவுட்தானா?

‘பர்ன்அவுட்’ என்ற சொல்லை இந்தப் பொருளில் ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கரின் 1974 கட்டுரை, நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் வேலை செய்தவர்களைப் பற்றியது. பகலில் தன் தொழில், இரவில் அங்கே தொண்டு என்று அவரும் களைத்துப்போனவர்தான். ஆக, இந்தச் சொல்லின் பிறப்பிலேயே தன்னார்வலர் இருக்கிறார். ‘சம்பளமில்லாத, பிடித்த வேலைதானே, இதில் என்ன களைப்பு’ என்று யாராவது கேட்டால், அல்லது நீங்களே உங்களைக் கேட்டுக்கொண்டால், இதை நினைவில் வையுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற ஐசிடி-11 வகைப்பாட்டில் இதை நோயாகக் குறிப்பிடவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறது. மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போதல், வேலையிடம் விலகலும் கசப்பும், ‘என்னால் எதுவும் உருப்படியாக ஆகவில்லை’ என்ற எண்ணம். நம் சூழலில் இரண்டாவதுதான் முதலில் வெளியே தெரியும். உங்களது கடைசி இருபது இஷ்யூ பதில்களையும், இரண்டு வருடத்துக்கு முந்தைய இருபது பதில்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அன்று ‘எந்த வெர்ஷன் என்று சொல்ல முடியுமா?’ என்று கேட்டவர் இன்று ‘டாக்குமெண்டேஷன் படிக்கவும்’ என்று மூடியிருந்தால் வேறு சோதனை வேண்டாம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். ப்ராஜெக்ட் மட்டும் கசக்கிறதா, எல்லாமே கசக்கிறதா? சாப்பாடு, பாட்டு, பிள்ளைகளோடு விளையாட்டு எதிலும் ருசி இல்லை, தூக்கம் கெட்டுவிட்டது, இது இரண்டு வாரத்துக்கு மேல் நீள்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ரெப்போவை (நிரல் இருக்கும் களஞ்சியத்தை) மூடினால் அது தீராது, மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பரிசோதித்துவிடுவது நல்லது. இவற்றின் குறைபாடும் இதே களைப்பைத் தரும். பேச ஆள் வேண்டுமென்றால் இந்தியாவில் டெலி மானஸ் 14416 (தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை), இலங்கையில் 1926. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தாலே, கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம். அந்த எண்ணை இப்போதே அழையுங்கள்.

முதல் வாரம்: இரண்டு மணி நேர வேலை, அதற்கு மேல் இல்லை

ஒரு சனிக்கிழமை காலையில் செய்துவிடலாம். இரவில் வேண்டாம், இரவில் உட்கார்ந்தால் ‘இந்த ஒரு பக்’ என்று இழுத்துவிடும்.

ரீட்மீயின் உச்சியில் நான்கு வரி எழுதுங்கள். மன்னிப்பு கேட்காதீர்கள், காரணத்தை விளக்காதீர்கள், ‘சீக்கிரம் வருவேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இப்படி இருந்தால் போதும்:

“இந்த ப்ராஜெக்ட் ஜூன் 30 வரை ஓய்வில் இருக்கிறது. அதுவரை இஷ்யூக்களும் புல் ரிக்வெஸ்ட்டுகளும் பார்க்கப்படாது, புதிய ரிலீஸ் வராது. இப்போதைய வெர்ஷனைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். அவசரத் திருத்தம் தேவைப்படுவோர் தனிப் பிரதியாக ஃபோர்க் செய்துகொள்ளலாம். ஜூலையில் அடுத்த நிலையை இங்கேயே அறிவிப்பேன்.”

தேதி முக்கியம். தேதி இல்லாத விடுப்பை ஜனங்கள் நம்புவதில்லை, ‘இன்னும் உயிரோடு இருக்கிறதா?’ என்று இஷ்யூ போடுவார்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல் வையுங்கள்.

அடுத்து, கதவை உண்மையாகவே மூட வேண்டும். அறிவிப்பை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதுதான் அனுபவம். கிட்ஹப் ரெப்போ செட்டிங்ஸில் இன்டராக்‌ஷன் லிமிட்ஸ் இருக்கிறது. 24 மணி நேரத்திலிருந்து ஆறு மாதம் வரை, முன்பு பங்களித்தவர்கள் மட்டும் அல்லது கொலாபரேட்டர்கள் மட்டும் எழுதலாம் என்று வைக்கலாம். அதே செட்டிங்ஸில் இஷ்யூஸ் வசதியையே அணைக்கவும் முடியும். அணைத்தால் பழையவை அழியாது, மறைந்திருக்கும். திரும்ப இயக்கினால் அப்படியே வரும். இஷ்யூ தலைப்புகளைப் பார்த்தாலே கலங்குகிற நிலை என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

நோட்டிஃபிகேஷனில் பலர் தவறுவது இங்கே: ரெப்போவை அன்வாட்ச் செய்துவிட்டால் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். நிற்காது. நீங்கள் ஏற்கெனவே எழுதிய திரிகளும், யாராவது உங்கள் பெயரைக் குறிப்பிட்டாலும் வந்துகொண்டே இருக்கும். அதனால் மெயிலில் ஒரு வடிகட்டி போடுங்கள்: கிட்ஹப்பின் நோட்டிஃபிகேஷன் முகவரியிலிருந்து வருவதெல்லாம் இன்பாக்ஸைத் தொடாமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, ஒரு ஃபோல்டருக்குள் போகட்டும். ஆபீஸ் வேலைக்கும் அதே கணக்கு என்றால் நிறுவனத்தின் ரெப்போ பெயரை மட்டும் விலக்காக வையுங்கள். போனிலிருந்து கிட்ஹப் ஆப்பை நீக்குங்கள். மெயிலிங் லிஸ்ட்டுகளிலிருந்து விலகத் தேவையில்லை. மெயில்மேன் லிஸ்ட்டுகளில் உறுப்பினராக இருந்துகொண்டே அஞ்சல் வருவதை மட்டும் நிறுத்தும் தெரிவு உண்டு.

டெபியன் இந்த விஷயத்தில் முன்யோசனை உள்ள சமூகம். வேலை தேவைப்படும் பேக்கேஜ்களுக்கென்றே டபிள்யூஎன்பிபி என்ற பட்டியல் வைத்திருக்கிறார்கள். உதவி வேண்டும் என்றால் ஆர்எஃப்ஹெச், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்றால் ஆர்எஃப்ஏ, கைவிடுகிறேன் என்றால் ‘ஓ’. ஆர்எஃப்ஏ போட்டால் ஆள் வரும்வரை பொறுப்பு உங்களுடையதே; ‘ஓ’ போட்டால் மெயின்டெய்னர் இடத்தில் தரம் பார்க்கும் க்யூஏ குழுவின் பெயர் வரும். களைத்தவர்கள் மரியாதைக்காக ஆர்எஃப்ஏ போட்டுவிட்டு இன்னும் ஒரு வருடம் சுமப்பதைத்தான் அதிகம் பார்க்கலாம். உங்கள் மூன்றில் நீங்களே பயன்படுத்தாத பேக்கேஜ் எது? அதற்கு இன்றே ‘ஓ’ போடுங்கள். மற்ற இரண்டுக்கும் லோ-த்ரெஷோல்ட் என்எம்யூ பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்தால், மற்ற டெவலப்பர்கள் உங்களிடம் கேட்காமலேயே திருத்தி அப்லோடு செய்ய அனுமதி கொடுத்ததாகும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் காணாமல் போனாலும் அங்கே உலகம் நின்றுவிடாது. பராமரிப்பற்ற பேக்கேஜை மீட்க விரும்புகிறவர் அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருந்து எடுத்துக்கொள்ளும் சால்வேஜ் முறையே இருக்கிறது.

பாதுகாப்பு ஓட்டைகள் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ‘நான் இல்லாதபோது ஒரு சிவிஇ வந்தால்?’ வந்தால் வரட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் எம்ஐடி உரிமத்தில் ‘உள்ளது உள்ளபடி, எந்த உத்தரவாதமும் இல்லாமல்’ என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கல்ல. லிப்எக்ஸ்எம்எல்2 போன்ற, உலகமே சார்ந்திருக்கும் நூலகத்தின் தன்னார்வ மெயின்டெய்னரே 2025 ஜூனில், பாதுகாப்புப் பிழைகளையும் இனி மற்ற பிழைகளைப் போலவே நடத்துவேன், பிழையை ரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் கெடு எதையும் ஏற்கமாட்டேன் என்று அறிவித்தார். உங்கள் செக்யூரிட்டி கோப்பில் ‘ஓய்வுக் காலத்தில் பதில் நேரத்துக்கு உறுதி இல்லை, 90 நாளில் பதில் வராவிட்டால் வெளியிடலாம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நம்பகமான ஒருவர் இருந்தால் கிட்ஹப்பின் பிரைவேட் வல்னரபிலிட்டி ரிப்போர்ட்டிங்கை இயக்கி அவரையும் பார்க்கவிடுங்கள். இல்லையென்றால் அந்த வரியே போதும்.

களைத்த கையால் சாவியைக் கொடுக்காதீர்கள்

ஓய்வை அறிவித்த இரண்டாம் நாள் யாராவது எழுதுவார்கள்: ‘நான் எடுத்துக்கொள்கிறேன், அட்மின் உரிமை கொடுங்கள்.’ பெரும்பாலும் நல்லெண்ணம்தான். ஆனால் அந்த நேரத்தில் யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று உங்களுக்கு இருக்கும். ஆளைச் சோதித்துப் பார்க்கும் தெம்பு இருக்காது.

2018இல் ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்ற, ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம் கிடங்கில் உள்ள பேக்கேஜுக்கு நடந்தது இதுதான். அதை எழுதியவர் பல வருடமாகத் தானே பயன்படுத்தாமல் பராமரித்துவந்தார். கேட்டு எழுதியவரிடம் உரிமையைக் கொடுத்தார். புதியவர் சேர்த்த ஒரு சார்புப் பேக்கேஜுக்குள் பிட்காயின் வாலட்டிலிருந்து திருடும் நிரல் இருந்தது. நவம்பரில் கண்டுபிடிக்கப்படும்வரை வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் தரவிறக்கம்.

எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் நுணுக்கமானது. லினக்ஸ் விநியோகங்கள் எல்லாவற்றிலும் இருக்கும் அந்தச் சுருக்கு நூலகத்தை ஒருவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022 நடுவில் மெயிலிங் லிஸ்ட்டில் சில பெயர்கள் திடீரென முளைத்து, தாமதம் என்று குறைகூறின, இன்னொரு மெயின்டெய்னரைச் சேர் என்று நெருக்கின. அவர் தன் மனநலச் சிக்கலையும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு ப்ராஜெக்ட் என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்கல் நிற்கவில்லை. உதவிக்கு வந்த ‘ஜியா டான்’ மெல்ல இணை மெயின்டெய்னராக உயர்ந்து, 2024இல் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவை வைத்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ரோய்ன்ட் மார்ச் 29 அன்று உலகுக்குச் சொன்னார். உதவ வந்த கையும் நெருக்கிய குரல்களும் ஒரே திட்டத்தின் பகுதி என்றே பலரும் கருதுகிறார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ‘யாரையும் நம்பாதே’ என்பதல்ல. ஓய்வுக் காலத்தில் புதியவர் யாருக்கும் அப்லோடு உரிமை கிடையாது, அவ்வளவுதான். கேட்பவருக்கு ‘நன்றி, ஜூலையில் பேசுவோம், அதுவரை உங்கள் ஃபோர்க்கில் வேலை செய்யுங்கள்’ என்று பதில் போடுங்கள். உண்மையான ஆர்வலர் ஃபோர்க்கில் மூன்று மாதம் வேலை செய்திருப்பார். ஜூலையில் அவரைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல சான்று இல்லை. அவசரப்படுத்துகிறவர், அவசரப்படுத்துவதாலேயே தகுதி இழக்கிறார். தாங்கவே முடியவில்லை என்றால் ரெப்போவை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள். படிக்க மட்டும் முடியும். எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். கொடுத்த சாவியைத் திரும்ப வாங்குவது அத்தனை எளிதல்ல.

ஓய்வு என்றால் எது ஓய்வு

வேலையிலிருந்து மீள்வதை ஆராய்ந்த சபீன் சொன்னென்டாக், ஷார்லெட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007இல் நான்கு அம்சங்களைப் பிரித்தார்கள்: மனதளவில் விலகுதல், தளர்தல், வேறொன்றில் தேர்ச்சி பெறுதல், தன் நேரம் தன் கையில் இருத்தல். நம்மவர்களுக்கு முதலாவதே கஷ்டம். பகலில் ஆபீஸ் நிரல், இரவில் தொண்டு நிரல். அதே நாற்காலி, அதே லேப்டாப், அதே டெர்மினல். உடல் வேறுபாட்டை உணர வழியே இல்லை. அதனால் பொருளளவில் பிரியுங்கள்: ப்ராஜெக்ட்டுக்குத் தனி யூசர் கணக்கு, தனி ப்ரௌசர் ப்ரொஃபைல். ஓய்வுக் காலத்தில் அந்தக் கணக்குக்குள் போகவே வேண்டாம்.

தேர்ச்சி என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, ‘ஒரு மாற்றத்துக்கு’ ரஸ்ட் நிரல்மொழி கற்கிறேன் என்று உட்காராதீர்கள். நீச்சல், தையல், பரோட்டா வீசுவது என்று ஸ்க்ரீன் இல்லாத எதுவும் சரி.

காலக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக முதல் இரண்டு வாரத்தில் தூக்கம் சற்றுச் சீராகும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் குற்ற உணர்வு உச்சத்துக்கு வரும். ‘சும்மா ஒரு தடவை எட்டிப்பார்க்கலாம்’ என்று தோன்றுவது அப்போதுதான். எரிச்சல் அடங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நீங்கள் எடுத்த ஒரு மாதம் குற்ற உணர்வு தணியும் முன்பே முடிந்துவிட்டது.

எட்டிப்பார்க்கும் வாசல்களில் மிக அகலமானது கிட்ஹப் அல்ல, தனிச்செய்தி. டெலிகிராமில் ‘அண்ணா, ஒரு சின்ன டவுட்’ என்று வரும். சின்ன டவுட் என்று தொடங்கிய எதுவும் நாற்பது நிமிடத்துக்குள் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பி தங்கை என்று பழகிய இடத்தில் முகத்திலடித்தாற்போல் மறுக்கவும் முடியாது. ஒரு பதிலை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே ஒட்டுங்கள்: ‘ஜூன் வரை ஓய்வில் இருக்கேன்பா. குழுவில் கேள், யாராவது சொல்வார்கள்.’ குழுக்களை மியூட் செய்வதைவிட வெளியேறுவது மேல். மியூட் செய்த குழுவிலும் எண்ணிக்கை ஏறுவது கண்ணில் படும்.

திரும்பும் முன் ஒரு கணக்கு

ஓய்வின் கடைசி இரண்டு வாரத்தில், இஷ்யூக்களைத் திறக்காமல், ஒரு தாளை எடுத்து ஓய்வுக்கு முந்தைய 90 நாளில் இந்த ப்ராஜெக்ட்டுக்காகச் செய்ததையெல்லாம் எழுதுங்கள். ரிலீஸ், ரிவ்யூ, சிஐ (தானியங்கிச் சோதனை) உடைந்ததைச் சரிசெய்தது, டொமைன் புதுப்பித்தது, சண்டை விலக்கியது, மாநாட்டுப் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு குறி: இதை நான் மட்டும்தான் செய்ய முடியுமா? செய்து முடித்ததும் எப்படி இருந்தது?

எவ்வளவு நேரம் என்று எழுதச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? வாரத்துக்கு நான்கு மணி நேரம் மட்டும் செலவிட்டு எரிந்துபோனவர்கள் உண்டு. இருபது மணி நேரம் செய்து நன்றாக இருப்பவர்களும் உண்டு. கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் பர்ன்அவுட்டுக்கு ஆறு இடங்களில் பொருத்தமின்மையைத் தேடச் சொல்கிறார்கள்: வேலையின் அளவு, தன் கட்டுப்பாடு, கிடைக்கும் பலன், கூட இருக்கும் மனிதர்கள், நியாயம், விழுமியங்கள். வேலையின் அளவு ஆறில் ஒன்றுதான். ஒரு மாத ஓய்வு அந்த ஒன்றுக்கு மட்டும் மருந்து. தனி மெயின்டெய்னர்களிடம் அதிகம் கெட்டிருப்பது கட்டுப்பாடும் நியாயமும் என்பது என் கணிப்பு: எப்போது வேலை வரும் என்பதை ஊர் பேர் தெரியாதவர்கள் முடிவு செய்கிறார்கள், பலனை யாரோ அனுபவிக்கிறார்கள்.

எது கெட்டிருக்கிறதோ அதற்கேற்ற வைத்தியம். கெட்டது அளவு என்றால் வெட்ட வேண்டியது ஆதரவுப் பட்டியல். பைத்தானின் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஐந்து வருட ஆயுள், 3.9 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. முடிந்தவற்றை அடுத்த ரிலீஸிலேயே கழியுங்கள். நீங்கள் தொடாத ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கான சோதனையையும் எடுத்துவிடுங்கள். சிஐ உடைவது குறையும்.

‘நான் மட்டும்’ குறிகள் அதிகம் என்றால் முதலில் ரிலீஸை லேப்டாப்பிலிருந்து பிரியுங்கள். பைத்தான் பேக்கேஜ்களின் கிடங்கான பைபிஐ 2023 ஏப்ரலில் ட்ரஸ்டட் பப்ளிஷிங் கொண்டுவந்தது. டோக்கன் எதையும் யாரிடமும் தராமல், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸிலிருந்தே வெளியிடலாம். இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் ஓடும் என்று என்விரான்மென்ட்டில் பூட்டும் போடலாம். ஜூலையில் ஒருவரைச் சேர்க்கும்போதும் படிப்படியாகப் போங்கள்: முதலில் இஷ்யூக்களைத் தரம்பிரிக்கும் ட்ரையாஜ் உரிமை, சில மாதம் கழித்து ரைட் உரிமை, அதன்பின் பைபிஐயில் மெயின்டெய்னர். பைபிஐயில் ஓனர், மெயின்டெய்னர் என இரண்டு நிலைகள். மெயின்டெய்னரால் ரிலீஸ் செய்ய முடியும், ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஓனர் நிலையைக் கடைசிவரை வைத்திருங்கள்.

நியாயம்தான் உறுத்துகிறது என்றால், பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் கடிதம்தான் கடைசித் துரும்பாக இருந்திருக்கும். லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டையின் பரபரப்புக்குப் பின் 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம், கர்ல் மென்பொருளை எழுதிய டேனியல் ஸ்டென்பெர்குக்கே கேள்விப்பட்டியல் அனுப்பி 24 மணி நேரத்தில் பதில் கேட்டது. ஆதரவு ஒப்பந்தம் போட்டால் மகிழ்ச்சியாகப் பதில் தருகிறேன் என்றார் அவர். அதை நீங்களும் கையாளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தைக் காட்டி யாராவது படிவம் அனுப்பினால் பதறாதீர்கள்: வணிக நோக்கமில்லாமல் கட்டற்ற மென்பொருள் எழுதும் தனிநபரை அந்தச் சட்டம் உற்பத்தியாளராகக் கருதுவதில்லை. கடமை அதை எடுத்துத் தன் பொருளில் வைத்து விற்பவருக்கு. ஏஐயிடம் எழுதி வாங்கிய பொய்யான பாதுகாப்பு அறிக்கைகள் இன்னொரு தலைவலி. ஓடும் உதாரண நிரல் இல்லாத அறிக்கையைப் படிக்காமல் மூடலாம் என்று கொள்கையாகவே எழுதிவிடுங்கள்.

பணம் தீர்வாகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பலன் இல்லையே என்ற குறையை அது ஆற்றும். கட்டுப்பாட்டுக் குறையைச் சில சமயம் அதிகமாக்கும், ஏனென்றால் காசு வாங்கியபின் ஞாயிற்றுக்கிழமையும் கடன்தான். சிறு நன்கொடைகள் இந்த இரண்டாவது வகை. பெரிய தொகை, தெளிவான வேலைக்கு வந்தால் வேறு கதை. இந்தியப் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024 அக்டோபரில் தொடங்கிய ஃப்ளாஸ் ஃபண்ட் வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கி, ஒரு ப்ராஜெக்ட்டுக்குப் பத்தாயிரம் முதல் ஒரு லட்சம் டாலர் வரை தருகிறது. பரவலாகப் பயன்படும் நூலகம் என்றால் விண்ணப்பிக்கலாம், ஆனால் மீண்ட பிறகு. களைத்திருக்கும்போது மானியம் வந்தால் அது இரண்டாவது ஆபீஸ்.

தமிழாக்கம், கூட்டங்கள், விக்கி என்று தமிழ்க் கணிமைப் பணிகளிலும் நீங்கள் இருந்தால் ஒரு வார்த்தை. அங்கே களைப்பின் குணம் வேறு. திட்டுகிற பயனர் இல்லை, மௌனம்தான். க்னோம் டெஸ்க்டாப் ஆறு மாதத்துக்கொரு முறை, ஃபயர்பாக்ஸ் நான்கு வாரத்துக்கொரு முறை புதுச் சரங்களோடு (மொழிபெயர்க்க வேண்டிய சொற்றொடர்களோடு) வரும். நூறு சதவீதம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் கரை. அதே நான்கைந்து பேர்தான் எல்லாக் குழுவிலும். இதற்கு மருந்து ஒரே ஒரு ப்ராஜெக்ட்டை வைத்துக்கொண்டு மற்றவற்றின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை விடுவது. அதிலும் சதவீதத்தை மறந்து, முகப்பிலும் மெனுவிலும் தெரியும் சரங்களை மட்டும் செய்வது.

திரும்புதல்: ஆறு வார ஒத்திகை

ஜூலை முதல் நாள் இன்பாக்ஸைத் திறக்காதீர்கள். முதல் வேலையாக, யாரும் கேட்காத, உங்களுக்கு ஆசையான ஒரு சின்ன மாற்றத்தை எழுதுங்கள். எழுதும்போது நேரம் போனது தெரியவில்லை என்றால் நல்லது. பதினைந்து நிமிடத்தில் மூடத் தோன்றினால் ஓய்வை இன்னும் இரண்டு மாதம் நீட்டுங்கள்.

ஆறு வாரத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம், ஒரே நாளில், காலையில். அலாரம் அடித்ததும் நடுவரியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

பழைய இஷ்யூக் குவியலுக்கு மஞ்சள் கடுதாசி கொடுப்பதுதான் வழி. ஒரு வருடத்துக்கு மேல் அசையாமல் கிடப்பதையெல்லாம் ‘இது இன்னும் இருக்கிறதென்றால் இப்போதைய வெர்ஷனில் சோதித்துப் புதிதாகத் திறக்கவும்’ என்ற ஒரே குறிப்போடு மூடுங்கள். ஒரு எச்சரிக்கை: இருநூறு இஷ்யூவை ஒரே மூச்சில் மூடினால் இருநூறு பேருக்கும் மெயில் போகும், அதில் முப்பது பேராவது அன்றே பதில் எழுதுவார்கள், நீங்கள் மறுபடி வெள்ளத்தில். முப்பது முப்பதாக, மூடிய கையோடு லாக் செய்துகொண்டே போங்கள். இதற்கென்றே உள்ள ஸ்டேல் ஆக்‌ஷன், மாற்றாமல் விட்டால் 60 நாள் அசையாததைக் குறியிட்டு, இன்னும் 7 நாளில் மூடிவிடும். ஒருமுறை சுத்தம் செய்ய நல்லது. நிரந்தரமாக ஓடவிடுவது எனக்குப் பிடிக்காது. அக்கறையாகப் பிழையை விவரித்து எழுதியவரை ஒரு ரோபோ துரத்தினால் அடுத்த முறை அவர் எழுதமாட்டார், வெட்டியாகக் கத்துபவர் மட்டும் மிஞ்சுவார்.

ஒத்திகை சரியில்லை என்பதற்கு அடையாளம்: இரவு பதினொன்றுக்குப் போனில் அந்த ஃபோல்டரைத் திறப்பது. ஒரு முறை என்றால் சபலம். ஒரே வாரத்தில் மூன்று முறை என்றால் பழைய வண்டித்தடத்தில் விழுந்துவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

விட்டுவிடுவது என்றால்

ஒரு பொறுப்பை விடுவதும் சமூகத்தை விடுவதும் வேறு. பைத்தானை உருவாக்கிய கிடோ வான் ரோசம், பிஇபி 572 என்ற மொழி மாற்ற முன்மொழிவின் சர்ச்சைக்குப் பின் 2018 ஜூலையில் தலைமையை விட்டார். யாரையும் வாரிசாக நியமிக்கவில்லை. மற்ற டெவலப்பர்கள் விவாதித்து ஐந்து பேர் கொண்ட ஸ்டீயரிங் கவுன்சிலை உருவாக்கினார்கள். அவர் தொடர்ந்து பைத்தானில் வேலை செய்தார். டெபியனில் எமெரிட்டஸ் (ஓய்வுபெற்ற உறுப்பினர்) நிலைக்குப் போனவர் பின்னால் திரும்ப விரும்பினால் புதியவருக்கான நீண்ட வழியில் வரத் தேவையில்லை. அப்பாச்சி அமைப்பில் ஒருமுறை ஈட்டிய தகுதி காலாவதியாவதில்லை.

நூலகத்தை நிறுத்துவதென்றால் கடைசியாக ஒரு ரிலீஸ் போடுங்கள். அதில் நிரல் மாற்றம் எதுவும் வேண்டாம். விளக்கத்தில் ‘பராமரிப்பு முடிந்தது’ என்ற வரியும், உங்களுக்குத் தெரிந்த மாற்று நூலகங்களின் பெயரும், டெவலப்மென்ட் ஸ்டேட்டஸை ‘7 - இன்ஆக்டிவ்’ என்று மாற்றுவதும் போதும். பிறகு பைபிஐயில் ஆர்க்கைவ் செய்யுங்கள். 2025 ஜனவரியிலிருந்து அந்த வசதி இருக்கிறது. நிறுவிப் பயன்படுத்துபவர்களுக்கு எதுவும் உடையாது, புதிய அப்லோடு மட்டும் நடக்காது. பேக்கேஜையே அழித்துவிடாதீர்கள்: சார்ந்திருப்பவர்களின் பில்ட் உடைவது ஒருபுறம், விடுபட்ட அதே பெயரில் வேறொருவர் எதையாவது பதிவேற்ற வழி திறப்பது இன்னொருபுறம்.

அதன்பின் பதினைந்து நிமிட வேலை பாக்கி. பைபிஐயிலும் கிட்ஹப்பிலும் உள்ள பழைய ஏபிஐ டோக்கன்களை ரத்து செய்யுங்கள், சிஐயில் பதிந்துவைத்த ரகசியங்களை நீக்குங்கள், ப்ராஜெக்ட்டுக்கென வாங்கிய டொமைன் எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று பாருங்கள். பைபிஐ கணக்கின் மீட்பு மெயில் முகவரி அந்த டொமைனில் இருந்தால், டொமைனை விடும் முன் முகவரியை மாற்றிவிடுங்கள். காலாவதியான டொமைனை வாங்கி, பாஸ்வேர்டு மீட்பு மெயிலைத் தன் பக்கம் திருப்பி, பேக்கேஜைக் கைப்பற்றுவது பழகிப்போன தந்திரம்.